பாறையில் பறித்த பாசி

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்பதைச் சனிக்கிழமைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏழாம் பக்கத்தில் வலது ஓரமாக உன் போட்டோ. வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாக, ஒரு சின்ன பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். ரொம்ப இளைத்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா? ஐஸ் பேக்டரியில் எல்லாரிடமும் காட்டினேன். லோடு ஏற்றும் நம் மீசை, "உன் தங்கச்சியா? உன் மூஞ்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே!" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இரண்டு ரூம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அண்ணி காதில் விழும். பேக்டரியில் கம்ப்ரசர் ஓடும்போது நான் பேசுவது எனக்கே கேட்காது. அதனால் மெஷின் ரூம் மேஜையில், பிரஷர் எழுதி வைக்கும் நோட்டுக்கு அடியில் இதை வைத்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணிக்கு அது திரும்ப வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து, ஆறு தடவை கீமோ ஏற்றி, சுத்தமாகிவிட்டது என்று டாக்டரம்மா கை கொடுத்து அனுப்பினாரே, அந்தச் சினைப்பைக் கட்டிதான். இப்போது வயிற்றுக்குள் மூன்று இடத்தில் இருக்கிறதாம். டிசம்பரிலேயே தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அவ அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும். சொன்னா அழுதுகிட்டே ஓடி வந்துடுவா, அவளால ஆகப்போறது என்ன?" என்றாள். அவள் உனக்கு அண்ணியாவதற்கு முன்னால் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். உன்னைப் பற்றி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

ஆனால் இந்தப் பேப்பரைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பாறையில் வளரும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த ஒரு பொருள் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று போட்டிருக்கிறது. அதிலும் சினைப்பைப் புற்றுச் செல்களை. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பேப்பர் மடிப்பில் கிழிந்துவிட்டது.

புது கீமோ போன மாதம் தொடங்கியிருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை. டாக்டரம்மா நல்லவர்தான், ஆனால் முதல் தடவை பேசியதுபோல் இப்போது பேசுவதில்லை. "பாப்போம்" என்கிறார். இருபத்திரண்டு வருஷமாக மெஷினோடு இருக்கிறேன். மெக்கானிக் "பாப்போம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டிலில் இருப்பதில் கொஞ்சம் அனுப்பு, அம்மா. யாருக்கும் சொல்ல மாட்டேன். உனக்குக் கெட்ட பெயர் வருமென்றால் பாட்டிலில் எதுவும் எழுதாமல் அனுப்பு. எவ்வளவு, எத்தனை வேளை என்று தனியாக ஒரு சீட்டில் எழுதினால் போதும். உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் பதில் நேற்று வந்தது. ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ அழுதுகொண்டே எழுதியது எழுத்திலேயே தெரிகிறது. இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. பொறுமையாக இரண்டு முறை படித்தேன்.

நீ சொல்வது புரியவில்லை என்று நினைக்காதே. கண்ணாடித் தட்டில் செல் சாவது பெரிய விஷயமில்லை, சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் சாகும் என்கிறாய். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா என்பதுதான் கேள்வி என்கிறாய். தட்டில் ஜெயித்த ஆயிரத்தில் ஒன்றுதான் மனுஷனிடம் வந்து சேர்கிறது, அதற்கும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும் என்கிறாய். பன்னிரண்டு எலிகளுக்குக் கொடுத்ததில் ஐந்துக்குக் கட்டி சுருங்கியது, நான்குக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று செத்துப்போயின, ஏன் செத்தன என்று இன்னும் தெரியவில்லை என்கிறாய். எல்லாம் புரிந்தது.

ஆனால் தங்கச்சி, உன் அண்ணிக்குப் பதினைந்து வருஷம் இல்லையே! அவளைப் பதிமூன்றாவது எலியாக வைத்துக்கொள்ளேன். ஐந்து எலிக்குச் சுருங்கியதே, ஆறாவதாக இவளுக்குச் சுருங்கக் கூடாதா? பாதி பழுது பார்த்த கம்ப்ரசரைக்கூட அவசரத்துக்கு ஓட்டியிருக்கிறேன். துறைமுகத்தில் மீன் நாறிக்கொண்டிருக்கும்போது, எல்லாப் பாகமும் வந்த பிறகுதான் மெஷினைப் போடுவேன் என்று யாராவது உட்கார்ந்திருப்பார்களா?

எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. கட்டிய பெண்டாட்டியை எலி என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியட்டும்.

அவளுக்கு இரண்டாவது கீமோ போன வாரம் முடிந்தது. நான்கு நாள் தலையைத் தூக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லித் திருத்த ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் விட மாட்டாள். "எனக்கு வாந்தி வர்றது கீமோவாலயா, இந்தப் பசங்க போட்ட கணக்காலயான்னு தெரியலை" என்றாள். சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ அனுப்ப மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. அனுப்பினால் உன் வேலை போகும் என்பதற்காக நீ மறுக்கவில்லை, அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில்தான் மறுக்கிறாய். அதுவும் புரிகிறது. சரி, பாட்டில் வேண்டாம். ஒன்று மட்டும் சொல். பேப்பரில் உன் போட்டோவுக்குக் கீழே அந்தப் பாசியின் படமும் போட்டிருந்தார்கள். ஓரம் பல் பல்லாக இருக்கும் நீள இலை, நடுவில் குமிழ் குமிழாகக் காற்றுப் பை. அது இங்கே அலைதடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாறையில் எக்கச்சக்கமாக வளர்கிறது. மீசையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதை வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டுமா, ஆறவைத்த நீரில் ஊற வைக்க வேண்டுமா? ஒரு டம்ளருக்கு எத்தனை கிராம்? இதை மட்டும் சொல்.

கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ போனில் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் உன் பென்சில் பெட்டியை உடைத்தபோதுகூட இப்படிக் கத்தியதில்லை. "அண்ணா, அதைத் தொடாதே, அவ வாயில அது படக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றாய். சத்தியம் செய்தேன். நிம்மதியாக இரு. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு நல்ல சேதி. உன் அண்ணி பத்து நாளாகக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறாள். சாயங்காலம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறாள். போன வியாழக்கிழமை இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கன்னத்தில்கூட கொஞ்சம் நிறம் வந்திருப்பதுபோல் எனக்குப் படுகிறது. மீசை பார்த்துவிட்டு, "டீச்சரம்மா பழையபடி ஆயிட்டாங்களே" என்றார். கேட்டதும் ஓடிப்போய் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மூன்றாவது கீமோ வரும் வியாழக்கிழமை. இந்தத் தடவை ஸ்கேனும் எடுப்பார்கள். எனக்கு மனசில் ஒரு தைரியம் இருக்கிறது. எப்படி என்று கேட்காதே.

நீ உன் வேலையைப் பார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். எப்படியாவது படித்துவிடு.

உன்னிடம் பொய் சொன்னேன். நீ போனில் கத்திய அன்றைக்கு அவள் நான்கு நாளாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மீசையும் நானும் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் பாறைக்குப் போய் இரண்டு சாக்குப் பறித்து வந்தோம். நல்ல தண்ணீரில் ஏழு முறை அலசினேன். மொட்டை மாடியில் காய வைத்தேன். மிக்ஸியில் பொடி செய்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, பழைய பனியன் துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, நீ அனுப்பியது என்று அவளிடம் சொன்னேன். உன் பெயரைச் சொன்னால் குடிப்பாள் என்று தெரியும். இருமல் மருந்து மூடியால் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. முதல் நாள் குடித்துவிட்டு, "என்னங்க இது, கடலையே கரைச்சு அனுப்பிட்டாளா உங்க தங்கச்சி?" என்று முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவள் நடந்ததும் சாப்பிட்டதும் உண்மை. அதைப் பார்த்துவிட்டு மூன்று மூடியாக ஆக்கினேன்.

மார்ச் கடைசியில் வாந்தி தொடங்கியது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். கை நடுங்கி, பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கீமோவுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கல்லீரல் கெட்டிருக்கிறது, இன்றைக்கு ஏற்ற முடியாது என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும் அதே. மூன்றாவது முறை அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "வேற என்ன குடுக்கறீங்க? மறைக்காம சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கதவு வரை போய்விட்டேன். கைப்பிடியில் கையை வைத்த பிறகுதான் திரும்பி வந்து சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேனாவை மேஜையில் வைத்தார். "எனக்கு வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வர்றாங்க. இலை, வேர், பொடி, ஏதோ ஒண்ணு. எல்லாரும் பாசத்துலதான் குடுக்கறாங்க" என்றார்.

இப்போது வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. நேற்று ஊசி போட்டு இரண்டரை லிட்டர் எடுத்தார்கள். கீமோ போட முடியாமல் போன அந்த மூன்று வாரத்தில்தான் இது வந்தது. ஸ்கேனில் மூன்று இடம் ஆறாகியிருக்கிறது. நான் கொடுத்ததால்தான் கீமோ நின்றது. கீமோ நின்றதால்தான் இது வளர்ந்தது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் என் கையில்தான் வந்து நிற்கிறது.

மிச்சமிருந்த பொடியைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன். தனிப் பார்சலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். கொதிக்க வைத்த சாற்றிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. உன் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை செய்து, அதில் என்ன இருந்தது, நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்று எழுது. என் மனசு கஷ்டப்படுமே என்று பார்க்காதே. விஷம் என்றால் விஷம் என்றே எழுது.

நீ சொன்னாய். நீ அத்தனை தூரம் கத்திச் சொன்னாய். நான் கேட்கவில்லை. இனி என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, அவளுக்கு மட்டும் அடிக்கடி போன் செய்.

உன் அண்ணன்


மே 9

என் அன்புத் தோழிக்கு (நாத்தனார் என்று கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காதே),

நேற்று நீ போனில் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதுவது சுலபம், நடுநடுவே படுத்துக்கொள்ளலாம். உன் அண்ணன் பேக்டரிக்குப் போயிருக்கிறார். சாயங்காலம்தான் வருவார். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

ஆர்செனிக் இருக்கிறது என்றாய். அளவுக்கு மேல் எத்தனையோ மடங்கு அயோடின் என்றாய். துறைமுகத் தண்ணீரில் வளர்வது இதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்றாய். எண்களையும் சொன்னாய், நான் குறித்துக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை என்றால் சிரிப்பாய். கடைசியில், "அண்ணாவுக்கு நான் என்னடி எழுதறது?" என்று கேட்டாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பியதில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். நீ அனுப்பியிருந்தால் பாட்டில் மேல் உன் கோழிக் கிறுக்கலில் நாலு எச்சரிக்கையாவது இருந்திருக்கும். இவர் கொடுத்த மூடியின் அடியில் மணல் கிடந்தது. ஒரு நாள் கடுகு அளவுக்கு ஒரு சிப்பி. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது பாசி காய்வதையும் பார்த்தேன். எல்லாம் தெரிந்துதான் குடித்தேன்.

ஏன் குடித்தாய் என்று கேட்காதே. எனக்கே முழுதாகத் தெரியவில்லை. கொஞ்சம் ஆசை இருந்தது. பைத்தியக்காரத்தனமான ஆசை. அறிவியல் படித்தவர்கள் வீட்டிலும் அந்த ஆசை வரும். இன்னொன்று, டிசம்பரிலிருந்து உன் அண்ணன் நடைப்பிணமாக இருந்தார். அந்தப் பாசியைக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டில் ஒரு மனுஷன் நடமாடினார். அலசுவதும், காய வைப்பதும், மூடியில் அளந்து ஊற்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதும். அவர் பார்க்கிறாரே என்று தெருமுனை வரை நடந்தேன். அவர் பார்க்கிறாரே என்று இரண்டாம் முறை சோறு கேட்டேன். அதைப் பார்த்துதான் அவர் மூடியைக் கூட்டினார். அப்படியென்றால் இதில் என் பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உன் மெஷினால் முடியுமா?

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். "அந்த மூணு வாரம் தவறலைன்னா நான் பிழைச்சிருப்பேனா?" என்று. அவர் மழுப்பவில்லை. "தெரியாதும்மா. முதல் ரெண்டு கீமோவுக்கே அது அசையலை. மூணாவது கேட்டிருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார். இனிமேல் கீமோ வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். வலிக்கு மட்டும் மருந்து. இது இவருக்கும் தெரியும்.

இப்போது எனக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இவரைப் பற்றிய பயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பாத்திரம் கழுவும்போது திடீரென்று நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம் மெஷின் ரூமில் அம்மோனியா வால்வைத் திறந்துவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். நெடி வந்து மீசை ஓடிப்போய்க் கதவை உடைத்து இழுத்து வெளியே போட்டிருக்கிறார். கேட்டால், "மறந்துட்டேம்மா" என்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த வால்வை மறந்ததில்லை. மீசை இப்போது ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியாக விடுவதில்லை. ஆனால் மீசை எத்தனை நாள் பார்த்துக்கொள்வார்?

உன் கடிதத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். தினமும் வந்ததும் முதல் கேள்வி, தபால் வந்ததா என்பதுதான். அந்தக் கடிதத்தில் நீ சொன்ன எண்கள் இருந்தால், நான் போன பிறகு இந்த வீட்டில் அவரும் அந்த எண்களும் மட்டும்தான் இருக்கும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவரைப் பிடித்து நிறுத்த வேறு ஒருவரும் இல்லை.

அதனால் நீ பொய் எழுத வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடத்துப் பேப்பரில், முத்திரையோடு. பாசியில் கெடுதல் ஒன்றும் இல்லை, கல்லீரல் கெட்டதற்குக் காரணம் நோய்தான் என்று எழுது. பள்ளிக்கூடத்து அறிவியல் நோட்டில்கூட வராத விடையை வந்ததாக எழுத மாட்டேன் என்று அடம்பிடித்து மார்க்கை இழந்தவள் நீ. உன்னிடம் போய் இதைக் கேட்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உண்மையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை உன் ஆய்வு நோட்டில் எழுதி வை. அடுத்த முறை பேப்பர்காரர்கள் போட்டோ எடுக்க வந்தால், யாரும் பாறையில் பறித்துக் கொதிக்க வைக்காதீர்கள், இப்படி ஒருத்திக்கு நடந்தது என்று பெரிய எழுத்தில் போடச் சொல். உலகத்துக்கு உண்மையைச் சொல். இந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் சொல்லாதே.

உன் வேலை நன்றாக நடக்க வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் அவசரப்படாமல் செய். என்னைப்போல் வேறு யாராவது ஒருத்தி அதைக் குடித்து, பரீட்சைப் பேப்பர் திருத்தி, பசங்களைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கட்டும்.

எனக்காக லீவு போட்டு வராதே. லீவைச் சேர்த்து வை. பிறகு அவருக்காக வா.

உன்
பெஞ்சுக்காரி


ஜூன் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாக் காரியமும் முடிந்தது. நீ போனில் அழுதுகொண்டே இருந்ததால் எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. கடைசி இரண்டு நாள் வலி இல்லை. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகு அசையவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முழு வகுப்பாக வந்தார்கள். மீசை என்னோடுதான் தங்கியிருக்கிறார். குறட்டையால் சுவரே அதிர்கிறது. போகச் சொன்னாலும் போவதில்லை.

உன் கடிதத்தைப் பற்றி எழுத வேண்டும். மே மாதக் கடைசியில் வந்தது. அவள்தான் வாங்கிப் பிரித்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தாள். பாசியில் கெடுதல் ஒன்றும் இல்லை, எல்லாம் நோயின் வேலைதான் என்று நீ எழுதியிருந்தாய். வாசித்து முடித்துவிட்டு, "கேட்டீங்களா? இனிமே அந்தக் கையைப் பாக்கறதை நிறுத்துங்க" என்றாள். சரி என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆறு மாதத்தில் நான் பார்க்காத நிம்மதி. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

தங்கச்சி, அந்தக் கடிதத்தில் ஒரு எண்கூட இல்லை. எலியைப் பற்றி எழுதும்போதுகூட பன்னிரண்டு, ஐந்து, நான்கு, மூன்று என்று எழுதியவள் நீ. கடையில் வாங்கிய தக்காளியைக்கூட கிராமில் சொல்பவள். முத்திரையும் கையெழுத்தும் போட்டு, எண்ணே இல்லாமல் நீ ஒரு ரிப்போர்ட் எழுதுவாயா? அவள் வாசிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. யார் எழுதச் சொல்லியிருப்பார்கள் என்றும் புரிந்தது. நான் நம்பிவிட்டேன் என்று அவள் நம்பினாள். அதை நான் கலைக்கவில்லை. அவளுக்காகச் சோறு சாப்பிட்டேன், அவளுக்காகச் சிரித்தேன், வால்வுப் பக்கம் போகவில்லை. அதெல்லாம் அவள் இருந்தவரை.

இப்போது யாருக்காக நடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. நீ எழுதிய அந்தப் பொய்யால் அவள் கடைசிச் சில வாரம் நிம்மதியாக இருந்தாள். அதற்கு உன்னைக் கும்பிட வேண்டும். ஆனால் உண்மையான எண் எங்கேயோ ஒரு நோட்டில் இருக்கிறது. அது எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் இருந்தால், தினம் தினம் மனசு ஒரு புது எண்ணைப் போட்டுப் பார்க்கிறது.

தபாலில் அனுப்பாதே. போனிலும் சொல்லாதே. லீவு கிடைத்ததும் வா. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு படித்துச் சொல். தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

நீ வருகிற வரைக்கும் இருப்பேன். சத்தியம். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

உன் அண்ணன்